விருப்பம் முந்தியதா, பழக்கம் முந்தியதா?

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நம் மஹல்லாப் பள்ளிவாசலில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. விபத்தில் கால் முறிந்த பெரியவர் ஒருவருக்காக நிர்வாகிகள் வாங்கிப் போட்டது அது. இன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் சென்றால், ஸஃப்புகளின் இரு ஓரங்களிலும் நாற்காலிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. அவற்றில் அமர்ந்திருப்போரில் எண்பதைக் கடந்த முதியோர் சிலரே. ஐம்பத்தைந்தும் அறுபதும் ஆனவர்களே பலர். இவர்கள் நம்மோடு ஓதியவர்கள். நம்மோடு பந்து விளையாடியவர்கள். நோன்பு இரவுகளில் இருபது ரக்அத் தராவீஹையும் தளராமல் நின்று தொழுதவர்கள்.

நாற்காலியில் அமர்ந்து தொழுவோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தாம் தொழ வேண்டிய முறையை வினவியபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரி ஷரீபில் உள்ளது. இயலாமைக்கு மார்க்கம் தந்த சலுகை இறைவனின் கருணையாகும். ஆயினும் அந்த நாற்காலிகளைக் காணுந்தோறும் ஒரு கேள்வி நம் உள்ளத்தை அரிக்கிறது. இயலாமை ஒரே இரவில் வந்துவிடுவதில்லையே! இயன்ற காலத்துக்கும் இயலாத காலத்துக்கும் இடையே பத்துப் பதினைந்து ஆண்டுகள் நம் கையில் இருந்தனவே! அந்த ஆண்டுகளில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

அறியாமையே காரணம் என்று சொல்லித் தப்ப இயலாது. உடலை அசைக்காதிருந்தால் கெடும் என்பதை அறியாதவர் நம்மில் எவருமிலர். மருத்துவர் சொல்லுகிறார், பத்திரிகை சொல்லுகிறது, பேரப்பிள்ளை கூடச் சொல்லுகிறான். எல்லாருக்கும் தெரிகிறது, எவரும் எழுவதில்லை. நன்றென்று அறிந்ததை மனிதன் ஏன் செய்யாதிருக்கிறான்? இது மருத்துவக் கேள்வி போலத் தோன்றினும், உண்மையில் மனத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய கேள்வி. அதனால்தான் இதை இந்த இதழின் பக்கங்களில் எழுதத் துணிந்தோம்.

முதலில் உண்மை நிலையைச் சுருக்கமாகப் பார்ப்போம். நடுவயதைத் தாண்டிய மனிதனின் தசைகள், பயன்படுத்தாவிடில், ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே போகின்றன. தரையிலிருந்து எழ உதவும் தொடைத் தசைகள் தளர்ந்ததும் முழங்காலின் மீது சுமை கூடுகிறது, வலி வருகிறது, வலிக்கு அஞ்சி இன்னும் குறைவாக அசைகிறோம், தசை இன்னும் தளர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்களின் தொகையைப் பத்துக் கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உழைப்பில் உடலை ஈடுபடுத்த வேண்டும் என்கிறது. வாரத்தில் இரு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் கீழே விழாதிருக்க, உடலின் சமநிலையைக் காக்கும் பயிற்சியையும் வாரம் மூன்று நாட்கள் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. 150 நிமிடம் என்பதை ஏழு நாட்களுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு அரைமணி நேரம் கூட ஆவதில்லை.

இஃது இன்று புதிதாகக் கண்ட உண்மையும் அன்று. 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், மருத்துவக் கலையைப் பற்றிப் பேசுமிடத்தில், பாலைவாசிகளைவிட நகரவாசிகளுக்கே மருத்துவர் மிகுதியாகத் தேவைப்படுவதற்குக் காரணம் கூறுகிறார். நகரத்தார் பலவகை உணவுகளைக் கலந்து உண்கின்றனர்; உடலை அசைக்காமல் இருக்கின்றனர்; பாலைவாசியோ வேட்டைக்கும் தேவைக்குமாக அலைகிறான் என்பது அவர் விளக்கம். ஆறு நூற்றாண்டுகள் கழித்து, 1953இல், ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் நகரத்து இரட்டை மாடிப் பேருந்துகளில் இதையே கண்டார். நாள் முழுதும் அமர்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே வண்டி; ஒரே பாதை; ஒருவர் அமர்ந்திருந்தார், மற்றவர் நடந்தார்.

"வயது போய்விட்டது, இனி என்ன?" என்று கேட்போருக்கும் விடை உண்டு. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால் தசைகளுக்கான பளுப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. தொண்ணூறு வயதில் வாசல் அடைபடவில்லை என்றால், ஐம்பத்தைந்து வயதுக்காரர் "முடிந்துவிட்டது" என்று சொல்வது சாக்குப் போக்கேயாகும்.

இந்த இடத்தில் நம் சொந்த அனுபவத்தை மறைப்பது நேர்மையாகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மத்ரஸாவில் பாயின்மீது சம்மணமிட்டு அமர்ந்து பாடம் நடத்தியவர் நாம். இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டதாகவும், நாள்தோறும் நடக்காவிடில் கண்ணும் சிறுநீரகமும் கெடும் என்றும் ஒரு மருத்துவர் எச்சரித்தார். அஞ்சி நடுங்கி மறுநாளே நடக்கத் தொடங்கினோம். ஏறத்தாழ நாற்பது நாட்கள் நடந்தோம். மீண்டும் பரிசோதித்தபோது சர்க்கரை குறைந்திருந்தது. அன்றோடு நடையும் நின்றது! மறு ஆண்டு அதே கதை. அதற்கு மறு ஆண்டும் அதே கதை. மூன்றாம் முறை, கிதாபை மூடி வைத்துவிட்டுச் சிந்தித்தோம். நம்மை நடத்திச் சென்றது எது? அச்சம். அச்சம் ஒரு சவுக்கு. சவுக்கு ஓங்கியிருக்கும் வரைதான் குதிரை ஓடும். மருத்துவரின் தாளில் எண் இறங்கியதும் அச்சம் இறங்கியது. அச்சம் இறங்கியதும் கால்கள் நின்றன. அச்சம் மனிதனை எழுப்பும். நெடுந்தூரம் நடத்திச் செல்லாது.

அப்படியாயின் எது நடத்திச் செல்லும்? "விருப்பம் வர வேண்டும்" என்பர் பலர். விருப்பம் வந்தால் செய்வோம்; இன்னும் வரவில்லை; எனவே செய்யவில்லை. இது தர்க்கம் போலத் தோன்றுகிறது. ஆனால் இதே தர்க்கத்தைச் சுப்ஹுத் தொழுகைக்குப் பொருத்திப் பாருங்கள். மார்கழிப் பனியில், போர்வையை விலக்க மனமின்றிப் படுத்திருக்கையில் பாங்கோசை கேட்கிறது. "எழுந்து தொழ ஆசை பிறக்கட்டும், பிறகு எழுவோம்" என்று காத்திருந்தால் நம்மில் எத்தனை பேர் சுப்ஹுத் தொழுதிருப்போம்? இறைவன் தொழுகையை நம் விருப்பத்தோடு கட்டவில்லை, நேரத்தோடு கட்டினான். நேரம் வந்தது, எழுந்தோம், ஒளுச் செய்தோம், நின்றோம். நின்ற பிறகு, சில நாட்களில், உள்ளம் இனித்தது. இனிப்பு முதலில் வரவில்லை, பின்னால் வந்தது. விருப்பத்தை விதை என்று எண்ணினோம். அது கனியாக இருந்தது.

இவ்வுண்மையை அரபு மொழியே தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. 'ரியாளத்' என்ற சொல் இன்றைய அரபுப் பத்திரிகைகளில் விளையாட்டையும் உடற்பயிற்சியையும் குறிக்கிறது. அதே சொல்தான் ஸூஃபிமார்களின் நூல்களில் உள்ளத்தைப் பக்குவப்படுத்தும் பயிற்சியைக் குறிக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இருபத்திரண்டாம் பகுதிக்கு 'ரியாளத்துந் நஃப்ஸ்', அதாவது நஃப்ஸைப் பயிற்றுதல் என்பது பெயர். இச்சொல்லின் வேரைத் தேடிச் சென்றால், பழகாத குதிரைக்குட்டியைப் பழக்குதல் என்ற பொருளில் போய் நிற்கிறது. குட்டி தானாக விரும்பிக் கடிவாளத்தை ஏற்பதில்லை. முதல் நாள் திமிறும். பத்தாம் நாள் முனகும். பின்னொரு நாள், கடிவாளத்தைக் கண்டதும் தலையைத் தானே நீட்டும். உடலைப் பழக்குவதற்கும் உள்ளத்தைப் பழக்குவதற்கும் அரபியர் ஒரே சொல்லை வைத்தது வெறும் தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஹிஜ்ரி 505இல், அதாவது 1111இல், மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதற்கு அழகிய உவமை ஒன்று தருகிறார்கள். நல்ல எழுத்தராக விரும்புபவர், கைதேர்ந்த எழுத்தர் செய்வதை முதலில் வலிந்து செய்கிறார். கை நோக, மனம் சலிக்க, மீண்டும் மீண்டும் எழுதுகிறார். ஈற்றில் அழகிய எழுத்து அவருக்கு இயல்பாகிவிடுகிறது. ஈகையும் பணிவும் அவ்வாறே, தொடக்கத்தில் வலிந்து செய்யப்பட்டுப் பின்னர்ச் சுபாவமாகின்றன என்பது அன்னாரின் கருத்து. ஓர் இரவுச் சோம்பலின் தீமையும் ஓர் இரவு உழைப்பின் நன்மையும் உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நாளடைவில்தான் இரண்டும் வெளிப்படும் என்றும் எச்சரிக்கிறார்கள். ஒரு நாள் நடந்ததால் முழங்கால் வலுப்பெறாது; ஒரு நாள் படுத்ததால் நாற்காலி வராது. ஷைத்தான் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். "இன்று ஒரு நாள்தானே!" என்பதைவிட அவனுக்கு வசதியான சொல் வேறில்லை.

இனி, இரண்டு மறுப்புகளுக்கு விடை கூற வேண்டும். இரண்டும் நம் சமுதாயத்தில் பக்தி உள்ளவர்களிடமிருந்தே எழுவன.

முதலாவது மறுப்பு: "ஐம்பதுக்கு மேல் மனிதன் மறுமைக்கு ஆயத்தமாக வேண்டும், அழியப் போகும் உடலைப் பேணிக்கொண்டிருப்பது துன்யாவின் மோகமன்றோ?" இப்படிக் கேட்பவர் உடலைத் தம் சொத்து என்று கருதுகிறார். சொத்தாக இருந்தால், அதை அலட்சியம் செய்வதைத் துறவு என்று சொல்லலாம். உடலோ நம் சொத்தன்று; அமானிதம். பிறர் ஒப்படைத்த பொருளைக் கவனியாமல் பாழாக விட்டவரை நாம் துறவி என்பதில்லை. நம்பிக்கை மோசடி செய்தவர் என்கிறோம். திருமூலரும் உடம்பை முதலில் இழிவென்று எண்ணியிருந்து, இறைவனுக்கு இருப்பிடமென்று அறிந்த பின் அதைப் பேணத் தொடங்கியதாகக் கூறுவதைத் தமிழறிந்தோர் அறிவர்.

இளைஞரான அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பிருந்து இரவெல்லாம் நின்று வணங்கியபோது, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துரைத்தார்கள். 'ஹக்கு' என்ற சொல்லை அங்கே கவனிக்க வேண்டும். கடன்காரருக்குரிய உரிமையைக் குறிக்கும் சொல் அது. நம் உடல் நம்மிடம் கடன் கேட்டு நிற்கிறது. அது மட்டுமா? நாம் படுக்கையில் விழுந்தால் நம்மைத் தூக்கிக் கழுவப் போகிறவர்கள் மனைவி மக்கள். நம் சோம்பலின் விலையை அவர்கள் செலுத்த நேரிடுமானால், அது நமக்கும் இறைவனுக்கும் இடையிலான செய்தி மட்டுமன்று. அடியார்களின் ஹக்கும் அதில் கலந்துவிடுகிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத் நூலில் வந்துள்ளது. முதல் முறை நாயகி வென்றார்கள். பின்னொரு முறை, நாயகியின் உடல் சற்றுப் பருத்திருந்த காலத்தில், பெருமானார் வென்றார்கள். முன்னதற்கு இது ஈடு என்று சொல்லி மகிழ்ந்தார்கள். இச்செய்தியை இல்லற இன்பத்துக்கு உதாரணமாகப் பலரும் பேசுவர். ஒரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரத் நிகழ்ந்தபோது நாயகம் (ஸல்) அவர்களின் வயது ஐம்பத்து மூன்று. அப்படியானால் அந்த ஓட்டம் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் ஓட்டம்! நுபுவ்வத்தின் பாரத்தைச் சுமந்தவருக்கு, படைகளையும் தூதுக்குழுக்களையும் சந்தித்தவருக்கு, ஓடுவதற்கு நேரமும் மனமும் இருந்தன. நமக்கு நேரமில்லை என்று சொல்ல நா எழுகிறதா?

இரண்டாவது மறுப்பு நுட்பமானது: "ஐவேளைத் தொழுகையே சிறந்த உடற்பயிற்சி, வேறு பயிற்சி எதற்கு?" இதை மேடைகளில் கேட்டிருக்கிறோம், பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதே. ஆயினும் நாம் இதனோடு உடன்பட இயலவில்லை. தொழுகையின் குனிதலும் நிமிர்தலும் மூட்டுகளுக்கு நன்மை தருவது உண்மை. ஆனால் ரக்அத்துகள் சிலவற்றின் நிதானமான அசைவு, மூச்சை விரைவுபடுத்தி இதயத்தை உழைக்கச் செய்யும் நடைக்கு ஈடாகாது. ஐவேளையும் தவறாது தொழுத நமக்கே நீரிழிவு வந்ததே!

அதைவிடப் பெரிய காரணம் நிய்யத்து. ஷாபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' உட்பட, ஒளுவின் பாடத்தில் ஒரு சட்டம் வருகிறது. வெயிலில் களைத்து வந்த ஒருவர் குளிர்ச்சியை மட்டும் கருதி முகமும் கைகளும் கழுவினால் அது ஒளு ஆகாது. ஒளுவின் நிய்யத்தோடு குளிர்ச்சியையும் சேர்த்து எண்ணினால் ஒளு நிறைவேறும். தண்ணீர் ஒன்றே, கழுவிய உறுப்புகளும் அவையே, வேறுபாடு உள்ளத்தில். தொழுகையை உடற்பயிற்சி என்று சொல்லி ஊட்டி வளர்த்த பிள்ளை, நாளை விளையாட்டரங்கில் அதைவிட நல்ல பயிற்சி கிடைத்ததும் தொழுகையை விட்டுவிடுவதற்கு நியாயம் கற்பித்துக்கொள்வான். ஆகவே தொழுகையை உடற்பயிற்சியாக்க வேண்டாம்.

ஆனால் இதைத் திருப்பிப் பாருங்கள். தொழுகைக்காக உடற்பயிற்சி செய்யலாமே! இறுதி நாள் வரை நின்று தொழவும், நெற்றியைத் தரையில் வைக்கவும், நோன்பு நோற்கவும், ஹஜ்ஜில் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை பிறர் தள்ளுவண்டியின்றி நடக்கவும் இந்த உடல் வேண்டும் என்று நிய்யத்து வைத்து நடந்தால், அந்த நடையே வணக்கத்தின் சாயலைப் பெறுகிறது. குறிக்கோளின் தகுதி அதை அடையும் வழிக்கும் உண்டு என்பது உஸூல் கலையின் விதியன்றோ? பழக்கத்தை வணக்கமாக உயர்த்துவது நிய்யத்து. வணக்கத்தைப் பழக்கமாகத் தாழ்த்துவதும் நிய்யத்தின் இன்மையே. அச்சத்துக்கு இல்லாத நீண்ட ஆயுள் இந்த நிய்யத்துக்கு உண்டு. ஏனெனில் சர்க்கரையின் எண் இறங்கிவிடும். ஸுஜூதின் தேவை இறங்குவதில்லை.

நிய்யத்து மட்டும் போதுமா? போதாது. நிய்யத்துக்கு நேரமும் அளவும் வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தொடர்ந்து செய்யப்படும் அமலையே, அது சிறிதாயினும், இறைவனுக்கு மிக உவப்பானதாகக் கூறியதை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முன்னர்ச் சொன்ன அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களின் வரலாற்றில் இதன் மறுபக்கம் இருக்கிறது. இளமையின் வேகத்தில், நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய எளிய அளவை ஏற்காமல், "இதைவிட அதிகம் இயலும்" என்று மீண்டும் மீண்டும் வேண்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோன்பு என்ற அளவில் நின்றார்கள். முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, அன்று அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். ஆயினும் தொடங்கியதை விடவும் மனம் ஒப்பவில்லை. ஐம்பதைத் தாண்டிய நம்மவர் சிலர் முதல் நாளே ஐந்து மைல் நடந்து, மூன்றாம் நாள் குதிகால் வீங்கி, நான்காம் நாள் எல்லாவற்றையும் கைவிடுவதைக் காணும்போது இந்த வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. பத்தாயிரம் அடிகள் நடந்தே தீர வேண்டும் என்ற பேச்சும் இவர்களை மிரட்டுகிறது. அந்த எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளக்கும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து உலகில் பரவியது. மருத்துவம் விதித்த ஃபர்ளு அன்று. பத்து நிமிடம் நடப்பவர், நடக்காதவரைவிட மேலானவர்.

தவறிய நாளைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு நாள் விட்டுப் போனதும் "இனி என்ன!" என்று முழுவதையும் விட்டுவிடுவது மனித இயல்பு. இரவில் ஓத வேண்டிய பங்கைத் தூக்கத்தால் தவறவிட்டவர் சுப்ஹுக்கும் ளுஹருக்கும் இடையே ஓதிவிட்டால், இரவிலேயே ஓதியதாக அவருக்கு எழுதப்படும் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் ஷரீபில் உள்ளது. தவறியதை ஈடுசெய்யும் வாசலை மார்க்கம் மூடவில்லை. 2010இல் வெளியான லண்டன் ஆய்வொன்று, ஒரு செயல் தானாகவே நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆவதாகவும், சிலருக்கு 18 நாட்களே போதும் என்றும், சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகலாம் என்றும் கணித்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்றும் கண்டது. நாற்பதாம் நாளில் நாம் நின்றுவிட்டது, கடிவாளத்துக்குக் குட்டி இன்னும் பழகாத வேளையில் அதை அவிழ்த்துவிட்டதற்கு ஒப்பாகும்.

நேரத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நம் நாள் ஐந்து தூண்களின்மீது ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருக்கிறது. மதீனாவில் பனூஸலிமா கூட்டத்தார் தம் இல்லங்கள் தொலைவில் இருந்ததால் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே குடிபெயர விரும்பினர். நாயகம் (ஸல்) அவர்களோ அங்கேயே தங்குமாறும், அவர்களின் காலடிகள் பதிவு செய்யப்படுவதாகவும் கூறினார்கள். அந்த உம்மத்தினராகிய நாம் இன்று இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம்! சுப்ஹு முடிந்ததும் வந்த வழியே திரும்பாமல், ஊரைச் சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தால், அரைமணி நடை அதிலேயே அடங்கிவிடும். தனியே நடக்க மனமில்லாதவருக்கு ஜமாஅத் இருக்கிறது. பக்கத்து ஸஃப்பில் நின்றவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். "இன்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இருப்பது எந்த மருந்தைவிடவும் வலியது.

நம் வீட்டுப் பெண்மக்களைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடித்தால் அது அநீதியாகும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் வயது வந்த ஆண்களில் நூற்றுக்கு 42 பேரும் பெண்களில் 57 பேரும் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். "வீட்டு வேலை போதாதா?" என்று கேட்பார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் கிணற்றுக் கயிறும் இருந்த காலத்து விடையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வேலையின் உடலுழைப்பு போய்விட்டது. அதன் சலிப்பு மட்டும் மீந்துள்ளது. அன்றைய நம் ஊர்களில் பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர முடுக்குகளேனும் இருந்தன. இன்று அடுக்கு வீட்டின் நான்கு சுவர்களுக்குள் அடைந்திருக்கும் தாய், காலை வேளையில் துணையோடு நடந்துவர விரும்பினால், "ஊர் என்ன சொல்லும்?" என்று தடுக்கிறவர் யார்? கணவர், அல்லது மகன். நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியாரோடு ஓடினார்கள்; நாம் நம் துணைவியாரோடு நடப்பதற்கு வெட்கப்படுகிறோம். மொட்டை மாடியிலேனும் அவர்களுக்கு அரைமணி ஓய்வும் இடமும் தருவது ஆண்கள் மீதுள்ள கடமை.

எச்சரிக்கையாக இன்னொன்று. இதயக் கோளாறோ மூட்டுச் சிதைவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தம் அளவை வகுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பேணியும் நோயுற்றவர்கள் உண்டு; அவர்கள் மீது எக்குற்றமும் இல்லை. உடற்பயிற்சி அஜலைத் தள்ளிப்போடும் என்று நாம் வாக்களிக்கவும் இல்லை. அது அல்லாஹ்விடம் உள்ள கணக்கு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைப்பது மட்டுமே நம் பங்கு. எத்தனை நாள் வாழ்வோம் என்பதை நாம் கேட்கவில்லை; வாழும் நாட்களில் எப்படி நிற்போம் என்பதே நம் கேள்வி.

கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். விருப்பம் முந்தியதா, பழக்கம் முந்தியதா? நிய்யத்து முந்தியது, நேரம் அதைத் தாங்கியது, செயல் தொடர்ந்தது, பழக்கம் பிறந்தது, விருப்பம் கடைசியாக வந்து, எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்பது போல முன்னால் அமர்ந்துகொண்டது. நான்காம் முறையாக நாம் நடக்கத் தொடங்கி இப்போது ஓராண்டு கடந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், இன்றும் எல்லா நாளும் விருப்பம் வருவதில்லை. ஆனால் விருப்பம் வராத நாட்களிலும் கால்கள் வாசலைக் கடந்துவிடுகின்றன. கடந்த ரமளானில், இரண்டாண்டுகளாக ஸுஜூதிலிருந்து எழத் தரையில் கை ஊன்றித் தடுமாறிய நாம், ஓர் இரவு தராவீஹில் அந்தத் தடுமாற்றமின்றி எழுந்ததைக் கவனித்தோம். ஸலாம் கொடுத்த பிறகு, ஓரத்தில் இருந்த நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தோம். அதில் அமர்ந்திருந்த நம் தோழரின் அருகே சென்று, "நாளை சுப்ஹுக்குப் பிறகு நம்மோடு கொஞ்ச தூரம் வருகிறீர்களா?" என்று கேட்டோம். "வருகிறேன், ஹஜ்ரத், மெதுவாகத்தான் நடப்பேன்" என்றார். மெதுவாகத்தான் நடந்தார், நாமும் மெதுவாகத்தான் நடந்தோம்.

அமானிதமாகத் தந்த இந்த உடலை, அதன் ஹக்கை நிறைவேற்றிய நிலையில் திருப்பி ஒப்படைக்கும் நற்பேற்றையும், இறுதி மூச்சு வரை நெற்றியைத் தரையில் வைக்கும் வலிமையையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.